முப்பத்தைந்து டிகிரிக்கு நெருப்பு எதற்கு?

வட சீனாவின் பழைய கிராமத்து வீட்டில் வாசலைத் தாண்டியதும் கால் வைப்பது சமையல்கட்டில்தான். அடுப்பு தாழ்வானது, முழங்காலுக்குச் சற்று மேலே வரும். அதன்மேல் அசைக்க முடியாதபடி பதித்த அகலமான இரும்புச் சட்டி. அடுப்பு வாயில் மக்காச்சோளத் தட்டை எரிகிறது. சட்டியில் கஞ்சி கொதிக்கிறது. புகை எங்கே போகிறது என்று அண்ணாந்து பார்த்தால், அடுப்புக்கு மேலே புகைபோக்கி கிடையாது. புகை சுவரைத் துளைத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போகிறது. அங்கே தெற்கு ஜன்னலை ஒட்டி, சுவருக்குச் சுவர் ஒரு மேடை. நம் ஊர்த் திண்ணையை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தது போலிருக்கும். இரண்டு மீட்டர் அகலம், மூன்று மூன்றரை மீட்டர் நீளம், உட்கார்ந்தால் கால் தொங்கும் உயரம். செங்கல்லும் களிமண்ணும் சேர்த்துக் கட்டியது. வயிறு மட்டும் காலி. உள்ளே செங்கல் வரிசைகளுக்கு நடுவே புகைப்பாதைகள் ஓடுகின்றன. அடுப்பிலிருந்து வரும் சூடான புகை அந்தப் பாதைகளில் ஊர்ந்து, தன் சூட்டைச் செங்கல்லிடம் கொடுத்துவிட்டு, மறுகோடியில் இருக்கும் புகைபோக்கி வழியே வெளியேறும். இந்த மேடைக்குப் பெயர் காங்.

இரவில் குடும்பம் முழுக்க இதன்மேல் வரிசையாகப் படுத்துக்கொள்ளும். விடிந்ததும் மெத்தைகளை மடித்து ஓரத்தில் அடுக்கிவிட்டு, குட்டைக் கால் மேசை ஒன்றைப் போட்டால் அதுவே சாப்பாட்டு இடம். பாட்டி துணி தைப்பதும், பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதுவதும், வந்த விருந்தாளியை உட்கார வைப்பதும் அங்கேதான். அடுப்பை ஒட்டிய பகுதி காங்கின் தலை, புகைபோக்கிப் பக்கம் அதன் வால். தலைப்பக்கம் நன்றாகச் சுடும். அந்த இடம் முதியவருக்கும் விருந்தாளிக்கும் உரியது. இளவட்டங்கள் வால்பக்கம் போய்விட வேண்டும். மஞ்சு இன மக்களின் வீடுகளில் தெற்கு, மேற்கு, வடக்கு என மூன்று சுவரை ஒட்டியும் காங் வளைந்து போகும். மேற்குப் பக்கம் முன்னோர் வழிபாட்டுக்கு உரியது, அங்கே யாரும் படுப்பதில்லை. கொஞ்சம் நிலம், ஒரு மாடு, மனைவி மக்கள், சூடான காங் தலை: வாழ்க்கையில் இதற்கு மேல் என்ன வேண்டும் என்று வட சீனக் குடியானவர்களிடம் ஒரு சொலவடையே உண்டு.

இது அருங்காட்சியகத்துக்குப் போய்விட்ட பொருள் என்று நினைக்க வேண்டாம். 2004 கணக்குப்படி வட சீனக் கிராமங்களில் சுமார் 6.7 கோடி காங்குகள் புழக்கத்தில் இருந்தன. அவற்றின்மேல் உறங்கியவர்கள் ஏறத்தாழ 17.5 கோடிப் பேர். தமிழ்நாட்டின் மக்கள்தொகையைப் போல் இரண்டு மடங்குக்கு மேல்!

இந்த அத்தியாயம் முழுவதும் நாம் பிடித்துக்கொண்டு நடக்கப்போகும் எண் ஒன்றே ஒன்று. காங்கின் மேற்பரப்பு எவ்வளவு சூடாக இருக்க வேண்டும்? மனிதத் தோலின் வெப்பநிலை 33, 34 டிகிரி செல்சியஸ். படுக்கை அதற்கு ஒட்டினாற்போல், 35 டிகிரி அளவில் இருந்தால் போதும், வெளியே பனி உறைந்து கிடந்தாலும் சுகமாகத் தூக்கம் வரும். இந்த 35 டிகிரியை உண்டாக்கத்தான் பல நூறு டிகிரியில் தீ எரிக்கப்படுகிறது. அதன் விளைவைக் காங்கிலேயே தடவிப் பார்க்கலாம். தலைப்பக்கம் உட்கார முடியாமல் சுடுகிறது, வால்பக்கம் விறைக்கிறது. முன்னிரவில் வியர்க்கிறது, விடியற்காலையில் நடுங்குகிறது. ஒரு டம்ளர் வெந்நீர் வைக்க வைக்கோல் போரையே கொளுத்தியது போன்ற காரியம் இது. மிதமான சூடு தேவைப்படும் இடத்துக்கு மிதமான சூட்டைத் தரும் மூலத்தைத் தேடுவதே முறை. அது அந்த வீட்டுத் தெற்குச் சுவரில் நாள்தோறும் விழுந்து கொண்டிருக்கிறது.

பழைய ஏற்பாட்டைக் குறைசொல்வது என் நோக்கம் இல்லை. காங்கின் மேதைமையே அதன் சிக்கனத்தில் இருக்கிறது. பெரும்பாலும் காங்குக்கென்று தனியாக யாரும் தீ மூட்டியதில்லை. இரண்டு வேளை சமைத்தார்கள். சமைத்தது போக மிஞ்சிய சூடு படுக்கைக்குப் போயிற்று. எரிந்ததும் அறுவடைக்குப் பின் வயலில் நின்ற தட்டைதான். சிக்கல் தொடங்கியது சமையல் மாறியபோது. சிலிண்டரும் மின்சார அடுப்பும் வந்த வீட்டில் காங்குக்கு இலவசமாகக் கிடைத்த சூடு நின்றுபோயிற்று. இனி அதற்கென்றே தட்டையைக் கட்டுக்கட்டாகச் சுமந்து வந்து எரிக்க வேண்டும், அல்லது நிலக்கரி வாங்க வேண்டும். இளையவர்கள் நகரத்துக்குப் பிழைக்கப் போய்விட்டார்கள். பனியில் வைக்கோல் போருக்கும் அடுப்புக்கும் நடப்பதும், விடியற்காலையில் சாம்பல் அள்ளுவதும் எழுபது வயதுக்காரர்கள்.

நகரத்துக் கதை வேறு. 1950களில் சீன அரசு சின்லிங் மலைத்தொடரையும் ஹுவாய் ஆற்றையும் ஒட்டி ஒரு கோடு போட்டது. கோட்டுக்கு வடக்கே உள்ள நகரங்களுக்குக் குளிர்காலத்தில் வெந்நீர்க் குழாய் வழியே வீடுதோறும் வெப்பம், தெற்கே இல்லை. அந்த வெப்பத்துக்கு எரிந்தது நிலக்கரி. அதன் மாசு கோட்டுக்கு வடக்கே வாழ்பவர்களின் ஆயுளை எவ்வளவு குறைக்கிறது என்பதை 2013இல் வெளியான ஆய்வு 5.5 ஆண்டு என்றும், 2017இல் வெளியான அடுத்த ஆய்வு 3.1 ஆண்டு என்றும் மதிப்பிட்டன. குழாய் எட்டாத கிராமங்களோ வீட்டுக்கு வீடு தனித்தனியாகக் கரி எரித்தன. 2017இல் அரசு முனைந்து இறங்கியது: கரியை விட்டு எரிவாயுவுக்கோ மின்சாரத்துக்கோ மாறு என்றது. நோக்கம் நல்லது, வேகம்தான் அதிகமாகிவிட்டது. அந்த டிசம்பரில் ஹெபெய் மாகாணத்துச் சூயாங் வட்டாரத்தில் சில தொடக்கப் பள்ளிகளில் கரி அடுப்பை அகற்றியாயிற்று, புதிய வெப்ப ஏற்பாடு வந்து சேரவில்லை. வகுப்பறைக்குள் இருக்க முடியாமல் பிள்ளைகள் மேசை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, வெயிலில் உட்கார்ந்து பாடம் படித்தார்கள். செய்தி நாடு முழுவதும் பரவி, அதிகாரிகள் ஓடிவந்தார்கள்.

அந்தப் பிள்ளைகள் பட்ட கஷ்டத்தை நினைத்தால் மனம் வலிக்கிறது. ஆனாலும் ஒன்றை விட்டுவிடக் கூடாது: வகுப்பறையைவிட வெளியே கதகதப்பாக இருந்திருக்கிறது. டிசம்பர் மாதத்தில் அங்கே வெயில் அடித்திருக்கிறது.

குளிர்காலம் என்றதும் மேகமூட்டமும் மழையும் நம் மனக்கண்ணில் வரும். வட சீனாவின் குளிர்காலம் அப்படிப்பட்டதல்ல. சைபீரியாவின்மேல் அந்தப் பருவத்தில் கனத்த குளிர்ந்த காற்று படுத்துக்கொள்கிறது. அங்கிருந்து தென்கிழக்கே வழியும் காற்றில் ஈரம் மிகக் குறைவு; ஈரமில்லாத காற்றில் மேகம் ஏது? பெய்ஜிங்கும் ஸ்பெயினின் மாட்ரிட்டும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில், 40 டிகிரியில், இருக்கின்றன. ஜனவரியில் பெய்ஜிங்கின் சராசரி வெப்பநிலை உறைநிலைக்கும் கீழே, மைனஸ் 3 அளவில். மாட்ரிட் அதைவிட எட்டொன்பது டிகிரி கூடுதல். அத்தனை குளிரிலும் பெய்ஜிங்குக்கு ஜனவரியில் கிடைக்கும் வெயில் லண்டனைப்போல் சுமார் மூன்று மடங்கு. எந்தக் காற்று குளிரைக் கொண்டுவருகிறதோ அதே காற்றுதான் வானத்தையும் துடைத்து வைக்கிறது. சூரிய வெப்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் உலகில் அதிகம் இல்லை.

இதைச் சீன விவசாயிகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அவர்கள் வெள்ளரிக்காயிலேயே செய்து காட்டிவிட்டார்கள். ஷாண்டோங் மாகாணம் ஷௌகுவாங்கில் சான்யுவான்ஜு என்றொரு கிராமம். அதன் தலைவர் வாங் லேயி, லியாவ்னிங் மாகாணத்தின் வாஃபாங்டியானில் கரி எரிக்காமல் குளிர்காலத்தில் காய்கறி விளைவிக்கிறார்கள் என்று அறிந்து, அந்த முறையைக் கற்று வந்தார். 1989இல் அவர் ஊரில் 17 கூடாரங்கள் எழும்பின. வடக்கே ஆள் உயரத்துக்கும் மேலான கனத்த மண்சுவர். தெற்கே சரிந்து இறங்கும் பிளாஸ்டிக் தாள். பகலில் வெயில் தாளைத் தாண்டி வந்து மண்சுவரைச் சுடவைக்கும். சாயங்காலம் தாளின்மேல் வைக்கோல் பாயை உருட்டி இறக்கிவிடுவார்கள். இரவெல்லாம் மண்சுவர் தன் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செடிகளுக்கு விடும். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரி, உள்ளே வெள்ளரி காய்க்கிறது. இன்று வட சீனா முழுவதும் இந்தக் கூடாரங்கள் குளிர்காலச் சந்தைக்குக் காய்கறி அனுப்புகின்றன. செடிக்கு வாய்த்தது அதை வளர்க்கிறவருக்கு வாய்க்கக் கூடாதா? தெற்கு நோக்கிய கண்ணாடி, கனத்த மண், இரவுக்கு ஒரு போர்வை. இந்த மூன்றில் கனத்த மண் காங்கின் வடிவில் வீட்டுக்குள்ளேயே தயாராக இருக்கிறது.

சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். நாம் பார்த்த காங்கின் பரப்பு சுமார் 7 சதுர மீட்டர். மேல் தளம் 15 சென்டிமீட்டர் கனம் என்று வைத்தால் ஒரு கன மீட்டர் செங்கல்லும் மண்ணும்; எடை 1,700 கிலோ. அதை 15 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்கு ஏற்ற எவ்வளவு வெப்பம் வேண்டும்? மின்சார அளவில் சொன்னால் 8 யூனிட். அவ்வளவுதான். தெற்குப் பார்த்த சுவரின் ஒரு சதுர மீட்டரில், வானம் தெளிந்த குளிர்கால நாளில், தோராயமாக 4 யூனிட் வெயில் விழும். கண்ணாடிக்குப் பின்னால் கறுப்புத் தகடு வைத்த சாதாரணமான வெப்பப் பெட்டி அதில் பாதியைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே 4, 5 சதுர மீட்டர் பெட்டி இருந்தால் படுக்கைக்குத் தேவையான சூடு கிடைத்துவிடும். இரண்டு கதவை அகலவாக்கில் நிறுத்தி வைத்த அளவு.

இதே கணக்கை வீட்டுக்குப் போட்டால் தலை சுற்றும். 37 சென்டிமீட்டர் செங்கல் சுவர், ஒற்றைக் கண்ணாடி ஜன்னல், கதவிடுக்கில் காற்று புகும் 80 சதுர மீட்டர் வீட்டை வெளியே மைனஸ் 5 இருக்கும்போது உள்ளே 15 டிகிரியில் வைத்திருக்க, ஒரு நாளைக்கு 100 யூனிட்டுக்கு மேல் போகும். அதற்குச் சுவர் முழுக்கப் பெட்டி மாட்டினாலும் காணாது. எரிவாயுக் கட்டணம் பல கிராமத்து முதியவர்களைத் திணறவைத்ததற்குக் காரணமும் இதுதான். எரிவாயு கொதிகலன் வீட்டுக்குள் இருக்கும் காற்றைச் சூடாக்குகிறது. காற்று ஓட்டை வழியே போய்விடுகிறது. காங் உடம்பைத் தொட்டுச் சூடாக்குகிறது. முதலில் படுக்கையை வெயிலிடம் ஒப்படையுங்கள், பிறகு ஓட்டைகளை அடையுங்கள், கடைசியில்தான் அறையைப் பற்றி யோசியுங்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்கியதில்தான் பணம் கரைந்தது.

வெயில் அடிப்பது நண்பகலில், படுப்பது இரவில் என்ற சிக்கலையும் கனத்த மண்ணே தீர்க்கிறது. மே மாதத்தில் மொட்டைமாடித் தரை இரவு ஒன்பது மணிக்கும் உள்ளங்காலைச் சுடுவது நமக்குத் தெரியும். சூடு ஒரு பொருளுக்குள் நடந்துபோக நேரம் பிடிக்கிறது. 15 சென்டிமீட்டர் செங்கல்லைக் கடக்க அதற்குச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். பகல் பன்னிரண்டு மணிக்குக் காங்கின் அடியில் விட்ட சூடு மாலை ஐந்து மணிக்கு மேலே வந்து சேரும். அந்த நேரத்தில் மெத்தையை விரித்துவிட்டால், போர்வைக்கு அடியில் அது விடியும்வரை தங்கும். நம்மைத் தூங்கவிடாத அதே இயற்பியல் அவர்களைத் தூங்கவைக்கிறது.

சரி, சுவரில் பிடித்த சூட்டைக் காங்கின் வயிற்றுக்குள் எப்படிக் கொண்டுபோவது? இரண்டு வாகனங்கள் உண்டு, காற்றும் தண்ணீரும். 8 யூனிட் வெப்பத்தை, 20 டிகிரி இறங்கும்படி சுமந்து கொடுக்கத் தண்ணீர் 350 லிட்டர் போதும். இரண்டு பீப்பாயில் அடங்கிவிடும். காற்றாக இருந்தால் 1,200 கன மீட்டர் வேண்டும். தண்ணீர் அவ்வளவு வலிய சுமைதூக்கி. காங்கின் மேல் தளத்துக்குள் பிளாஸ்டிக் குழாயைச் சுருளாகப் பதித்து, கூரைமேல் சூடான நீரை அதில் ஓடவிட்டால் தலை முதல் வால்வரை ஒரே சீரான கதகதப்பு கிடைக்கும். சீனப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இத்தகைய காங்குகளைக் கட்டி அளந்து பார்த்திருக்கிறார்கள். சீனாவுக்கு இதில் ஒரு வசதியும் உண்டு. பெய்ஜிங் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் யின் ஜிச்சியாங் 1980களில் உருவாக்கிய பூச்சு, வெற்றிடக் கண்ணாடிக் குழாய்களை மலிவாக்கியது. ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய், நடுவே வெற்றிடம். ஃபிளாஸ்கைப் போல, வெளிக்குளிர் உள்ளே எட்டாது. உலகின் சூரிய வெந்நீர்க் கருவிகளில் பெரும்பகுதி சீனக் கூரைகளில்தான் இருக்கிறது.

ஆனாலும் கிராமத்துக் காங்குக்கு என் ஓட்டு காற்றுக்கே. மைனஸ் 20 டிகிரி இரவில் தண்ணீர் உறையும், உறைந்தால் விரியும், விரிந்தால் குழாய் வெடிக்கும். உறையாத திரவம் ஊற்ற வேண்டும், பம்பு வேண்டும், கசிந்தால் மண்மேடை கரையும். காற்று உறையாது, கசிந்தாலும் யாருக்கும் கேடில்லை. செய்வதும் எளிது. தெற்குச் சுவரில் ஒரு சாண் இடைவெளி விட்டுக் கறுப்பு வண்ணம் அடித்த தகடு, அதற்கு முன்னால் கண்ணாடி. வெயில் பட்டதும் உள்ளே காற்று ஐம்பது அறுபது டிகிரிக்கு ஏறும். குளியலறைச் சுவரில் மாட்டும் எக்ஸாஸ்ட் ஃபேன் அளவுக்கு ஒன்று அந்தக் காற்றைக் காங்குக்குள் தள்ளினால், ஐந்து மணி நேர வெயிலில் நாம் கேட்ட 1,200 கன மீட்டர் போய்ச் சேரும். உள்ளூர்க் கொத்தனாரும் தகர வேலைக்காரரும் சேர்ந்தால் முடியும் வேலை.

இதில் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். முதலாவது, பழைய புகைப்பாதையிலேயே இந்தக் காற்றை விடலாமே என்று யாருக்கும் தோன்றும். கூடாது. ஆண்டுக்கணக்கான கரிப்பிசின் அங்கே ஒட்டியிருக்கும். ஃபேனின் அழுத்தத்தில் அடுப்புப் புகையும், வாசனையே இல்லாத நச்சான கார்பன் மோனாக்சைடும் விரிசல் வழியே அறைக்குள் கசியலாம். உறங்குபவர் எழுந்திருக்க மாட்டார். வெயில் காற்றுக்குத் தனிப் பாதை கட்டியாக வேண்டும். இதில் சிக்கனம் வேண்டாம். இரண்டாவது விஷயம் சின்னது. பொழுது சாய்ந்ததும் சுவர்ப்பெட்டி குளிர்ந்துவிடும். அதிலுள்ள குளிர்ந்த காற்று கனத்துக் கீழே இறங்க, காங்கின் சூடான காற்று, பெட்டியையும் காங்கையும் இணைக்கும் மேல் துளை வழியே அந்த இடத்துக்கு ஓடிப்போகும். பகலெல்லாம் சேர்த்ததை இரவு வானத்துக்குத் தானம் செய்த கதையாகிவிடும். இதைத் தடுக்க மோட்டாரோ சென்சாரோ வேண்டாம். துளையில் ஒரு கம்பிவலை, அதன் ஒரு பக்கம் மேல்விளிம்பில் மட்டும் ஒட்டித் தொங்கவிட்ட மெல்லிய பிளாஸ்டிக் தாள். பகலில் வரும் காற்று தாளைத் தள்ளிக்கொண்டு நுழையும். இரவில் எதிர்த்திசையில் காற்று கிளம்பியதும் தாள் தானாக வலையோடு போய் ஒட்டிக்கொண்டு வழியை அடைத்துவிடும். கைக்குட்டை அளவு தாள், ஒரு இரவின் கதகதப்பைக் காவல் காக்கிறது.

பெட்டியைக் கூரையில் சாய்க்காமல் சுவரோடு நிமிர்த்தி வைக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. 40 டிகிரி அட்சரேகையில் டிசம்பர் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 26.5 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். நிமிர்ந்த சுவரில் ஏறக்குறைய நேராகவே அடிக்கும். தரையில் கிடக்கும் பனியும் ஒளியைத் திருப்பி அனுப்பும். ஜூனில் அதே சூரியன் 73.5 டிகிரிக்கு ஏறிவிடும். இறவாரத்தின் நிழல் சுவரை மூடிக்கொள்ளும். கோடையில் படுக்கை சுடாது, மூடி போட வேண்டிய வேலையும் இல்லை.

சுவரில் வெயிலைப் பிடிக்கும் யோசனை பழையது. அமெரிக்கரான எட்வர்ட் மோர்ஸ் 1881இலேயே அதற்குக் காப்புரிமை வாங்கினார். பிரான்சின் பிரனீஸ் மலையில் ஃபெலிக்ஸ் துரோம்ப் 1967இல் அப்படி ஒரு வீடு கட்டிக் காட்டியபின் உலகம் திரும்பிப் பார்த்தது. சீனாவில் முதல் சூரிய வீடு 1977இல், கான்சு மாகாணத்தின் பாலைவன விளிம்பில் இருக்கும் மின்ச்சினில் எழுந்தது. இப்போது சூரிய மின்தகடுகள் மலிந்துவிட்டன, மின்சாரத்தால் சூடாகும் காங்குகளும் விற்பனைக்கு வந்திருக்கின்றன. ஆனால் மின்தகடு தன்மேல் விழும் வெயிலில் ஐந்தில் ஒரு பங்கையே மின்சாரமாக்கும். கறுப்புத் தகடு பாதியைச் சூடாக்கித் தரும். ஹீட் பம்ப் வைத்தால் மின்சாரம் அந்த இடைவெளியைச் சமாளித்துவிடும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதை வாங்க வசதி உள்ளவர்கள் வாங்கட்டும். தகடும் கண்ணாடியும் கொத்தனாரும் மட்டுமே எட்டும் தூரத்தில் இருப்பவர்களைப் பற்றித்தான் இங்கே பேசிக்கொண்டிருக்கிறேன்.

ஹார்பின் போன்ற வடகோடியில் இந்தக் கணக்கு இறுகும். ஜனவரிச் சராசரி அங்கே மைனஸ் 18 அளவுக்குப் போகும், டிசம்பர் கடைசியில் நண்பகல் சூரியனும் 21 டிகிரி அளவில்தான் நிற்கும். மேகமோ புகைமூட்டமோ மூன்று நாள் தொடர்ந்தால் எந்த ஊரிலும் காங் ஆறிப்போகும். அதனால் காங்கை மாற்றிக் கட்டும்போது அடுப்பையும் புகைபோக்கியையும் இடித்துவிடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள். இருண்ட நாள்களுக்கு ஒரு கட்டுத் தட்டை திண்ணையோரம் இருக்கட்டும். மற்ற நாள்களுக்கு ஐந்து சதுர மீட்டர் கறுப்புத் தகடு போதும்.